சொந்த வர்த்தகமும் பெலவேந்திரர் கோயிலும்

ஜூபிலி மலர் என்றால் பங்குக் குருக்களின் பெயர்வரிசை, அடிக்கல் நாட்டிய ஆண்டு, மணி ஏற்றிய ஆண்டு, திருவிழா உபயகாரர் பட்டியல் ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அவை வேண்டியவையே. ஆனால், கோபுரத்துக்குச் சுண்ணாம்பும் செங்கல்லும் வாங்கிய பணம் யாருடைய கையிலிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. மறைபோதக சபைகள் கடல் கடந்து அனுப்பியது ஒரு பகுதி. நம் ஊர் வர்த்தகர்களின் கல்லாப்பெட்டியிலிருந்து வந்தது மற்றொரு பகுதி. இந்த இரண்டாவது பகுதியைப் பற்றிச் சில பக்கங்கள் எழுத விரும்புகிறோம். படித்து முடித்த நம் பங்கு வாலிபர்கள் உத்தியோகத்துக்குக் காத்திருப்பதா, சொந்தமாக ஒரு தொழில் தொடங்குவதா என்று தவிக்கும் இந்நாளில், புதுவையின் சரித்திரம் இது குறித்துச் சொல்வது கொஞ்சமல்ல. அது சொல்வதெல்லாம் இனிப்பாகவும் இராது.

பிரெஞ்சுக் கும்பினியார் இங்கே காலூன்றியது 1673, 1674-ம் ஆண்டுகளில். பிரான்சுவா மர்த்தேன் துரை 1674-ல் வந்து சேர்ந்தபோது புதுச்சேரி ஒரு சிறு கடற்கரை ஊர். துரைமார்களுக்குத் தமிழ் தெரியாது. எந்த ஊரில் எந்தத் தறிக்காரர் என்ன துணி நெய்வார் என்பதும் தெரியாது. கப்பலோ ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஐப்பசி மழையும் புயலும் தொடங்குமுன் கரையை விட்டுப் போய்விட வேண்டும். அதற்குள் துணிக்கட்டுகள் தயாராக இருக்க வேண்டுமானால், பல மாதங்களுக்கு முன்பே வியாபாரிகளுக்கு முன்பணம் கொடுத்து, அவர்கள் தறிக்காரருக்குக் கொடுத்து, துணி வந்ததும் தரம் பார்த்து வாங்க வேண்டும். வாங்கின முன்பணத்துக்கு யார் பிணை? தரத்துக்கு யார் பொறுப்பு? இந்த இடத்தில் நின்றவர்தான் கும்பினியின் முதல் தரகர். துபாஷ் என்றும் அவரைச் சொல்வதுண்டு. அவருக்குத் தரகுப் பணம் உண்டு. அத்துடன் தம் சொந்தக் கணக்கில் துணி, பாக்கு, அவுரி முதலிய வியாபாரமும் செய்துகொள்ளலாம்.

முதல் தரகராக இருந்தவர் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்த தானப்ப முதலியார் என்ற கத்தோலிக்கர். அவருக்குப் பின் அவர் மகன் லாசர். பின்னர் 1708-ல் அந்த இடத்துக்கு வந்தவர் நைனியப்ப பிள்ளை. அவர் இந்து. சென்னைப் பக்கத்திலிருந்து இளமையிலேயே இவ்வூருக்கு வந்து, சொந்த வியாபாரத்தில் முன்னேறியவர். அவர் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் நம் திருச்சபையைச் சேர்ந்தோரின் கையும் உண்டு என்பதால் அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகாகாது.

சேசு சபைக் குருக்களுக்கு, கும்பினியின் முதல் தரகர் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பலமாக இருந்தது. அந்தப் பதவியில் இருப்பவரைச் சுற்றி நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன; அவர் எந்தப் பக்கமோ ஊரும் அந்தப் பக்கம் என்பது அவர்கள் கணக்கு. பிரான்சு அரசருக்கும் மனு போயிற்று. நைனியப்பர் மனந்திரும்புவதற்கு ஆறு மாதத் தவணை என்ற உத்தரவும் 1714-ல் பிறந்தது. அவர் திரும்பவில்லை. 1715-ல் இரண்டாம் முறையாகக் குவர்னராக வந்த எபேர் துரை, மறு ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நைனியப்பரைப் பிடித்துச் சிறையில் வைத்தார். அக்கிரமம் செய்தார், ஊரில் கலகம் மூட்டினார் என்பவை குற்றச்சாட்டுகள். விசாரணையும் நடந்தது. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. போர்த்துகேய மொழியில் கேள்வி கேட்டுப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டார்கள். தமக்கு வாசிக்கத் தெரியாத காகிதங்களின் கீழே அவர் தமிழில் கையொப்பமிட்டார். மொழிபெயர்த்தவரோ சேசு சபைக் குருக்களுக்கு வேண்டியவரான ஓர் உபதேசியாரின் மகன்.

1716 ஜூன் மாதத்தில் தீர்ப்பு வந்தது. நடுக் கடைத்தெருவில் ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, எட்டாயிரம் வராகனுக்கு மேல் அபராதம், பிள்ளைகளுக்கு நாடுகடத்தல். சொத்து முழுவதும் பறிமுதல் ஆயிற்று. 1717-ல் அவர் சிறையிலேயே இறந்தார். அவர் இடத்தில் லாசரின் மகன் பேதுரு, அதாவது கனகராய முதலியார் அமர்த்தப்பட்டார்.

இங்கே வாசகர்கள் மனம் சோர வேண்டாம். நைனியப்பருக்காகப் பரிந்து பேசியவர்களும் நம் திருச்சபைக்குள்ளேயே இருந்தார்கள். பாரீஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் அவர் குடும்பத்துக்காக எழுதினார்கள். பிரான்சு தேசத்து சேன் மாலோ நகர வர்த்தகர்களும் எழுதினார்கள். வர்த்தகர் ஏன் எழுதினார்கள்? நைனியப்பரின் சொல்லை நம்பிப் பணம் போட்டவர்கள் அவர்கள். ஒருவனுடைய சொத்தை ஒரு துரையின் கோபம் ஒரே நாளில் அழித்துவிடலாம் என்றானால், நாளை எவன் இந்தத் துறைமுகத்தை நம்பி முதல் போடுவான்? நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை தாமே கப்பலேறிப் பாரீசுக்குப் போய் வழக்காடினார். தீர்ப்பு தள்ளப்பட்டது, எபேர் துரை பதவியிழந்தார். குருவப்பர் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். பிரான்சு நாட்டை அப்போது ஆண்டுவந்த ஒர்லேயான் பிரபுவே அவருக்கு ஞானத்தந்தை. அர்ச். மிக்கேல் வீரர் பட்டமும் பெற்று, செவாலியே குருவப்ப பிள்ளையாகத் திரும்பி வந்து முதல் தரகரானார். ஆனால் ஆயுள் நீளவில்லை. 1724-ல் இறந்தார். பதவி மறுபடியும் கனகராய முதலியாரிடம் வந்தது.

நைனியப்பர் சொந்தத் தொழில் செய்தவர்தானே, அந்தத் தொழில் அவரைக் காக்கவில்லையே என்று கேட்கலாம். நமக்குத் தோன்றுவது இது: அவருடைய வியாபாரத்தில் பெரும்பங்கு கும்பினி என்ற ஒரே வாசலை நம்பியிருந்தது. அந்த வாசல் சாத்தப்பட்டபோது கடையும் போயிற்று, களஞ்சியமும் போயிற்று. கடைப்பலகையில் ஒருவனுடைய பெயர் இருப்பதால் மட்டும் கடை அவனுடையதாகிவிடாது. ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் பெட்டி செய்து கொடுக்கும் பட்டறைக்காரரும், ஒரே ஒரு முதலாளிக்கு மட்டும் தைத்துக் கொடுக்கும் தையற்காரரும் இன்றும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் முதலாளி என்று அழைக்கப்படுகிறார்கள். அவ்வளவுதான்.

இனிக் கனகராய முதலியார். 1724 முதல் 1746 வரை இருபத்திரண்டு ஆண்டுகள், லெனுவார், துய்மா, துய்ப்ளே ஆகிய குவர்னர்கள் காலத்தில் முதல் தரகராக இருந்தவர். 1739-ல் தம் ஒரே மகனை இழந்தார். அந்த மகனின் பெயர் வேலவேந்திர முதலியார். பெலவேந்திரர் என்பது அர்ச். அந்திரேயாவுக்கு நம் பழைய கத்தோலிக்கத் தமிழில் வழங்கும் பெயர் என்பதை வயதானவர்கள் அறிவார்கள். மகனை இழந்த தகப்பன், ஒழுகரையில் அர்ச். பெலவேந்திரருக்குத் தம் சொந்தப் பணத்தில் ஒரு கோயில் கட்டினார். 1745 நவம்பர் 30-ந் தேதி, அந்திரேயா திருநாளன்று, அதன் திறப்பு விழா நடந்தது. ரெட்டியார்பாளையத்துக்குப் போகிற நம்மில் பலர் அந்தக் கோயிலில் மண்டியிட்டிருக்கிறோம். யாருடைய கண்ணீரில் எழுந்தது என்று நினைத்திருப்போமோ தெரியாது.

அன்றைய விருந்தைப் பற்றி ஆனந்தரங்க பிள்ளை தம் தினப்படிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிராமணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள், தட்டார், நெசவாளர் என்று ஊரிலிருந்த எல்லாச் சாதியாருக்கும் அவரவர் முறைப்படி தனித்தனியே சமையல். வெள்ளைக்காரருக்கு மேசைச் சாப்பாடு. துய்ப்ளே துரையும் அவர் மனைவியும் ஒழுகரைக்கே வந்து இருந்து சென்றார்கள். கிறிஸ்தவராகிவிட்ட பிறகும் இந்து வழக்கப்படி விருந்து செய்தாரே என்று பிள்ளையவர்கள் குறையும் சொல்கிறார். ஒரு வர்த்தகர் மற்றொரு வர்த்தகருடைய விருந்தை முழு மனதோடு புகழ்ந்து எந்த ஊரில் எழுதியிருக்கிறார்கள்! ஆயினும் நாம் இந்த விருந்தில் காண்பது வேறு. மாதச் சம்பளக்காரர் இப்படி ஊரையே அழைக்க முடியாது. யாரிடமும் வசூல் கேட்காமல், சபையிடமும் கடன் வாங்காமல் ஒரு கோயிலை எழுப்பி, வேற்று மதத்தாரையும் தம் துக்கத்திலும் மகிழ்ச்சியிலும் பங்காளிகளாக்க ஒருவரால் முடிந்தது. அதற்கு அவர் கையில் சொந்தப் பொருள் இருந்தது காரணம்.

ஆனால் அதே 1745-ம் ஆண்டை முழுமையாகப் பார்க்க வேண்டும். திறப்பு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன், அக்டோபர் மாதத்தில், சம்பா கோயிலில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்திருந்த சுவர், அவர்கள் எழுப்பிய முறையீட்டின் பேரில் இடிக்கப்பட்டது. சுவர் போயிற்றே தவிர, பிரிவினை அதனுடன் மாயவில்லை. சுவருக்கு அப்பால் நின்றவர்களில் கும்பினியின் முன்பணம் யாருக்குக் கிடைத்திருக்கும்? பிணை நிற்க யார் வந்திருப்பார்கள்? முதல் இல்லாதவனுக்கு, கடன் கொடுக்க ஆளில்லாதவனுக்கு, சொந்தத் தொழில் என்பது எட்டாத கனி. வர்த்தகத்தின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்தார். சொத்து யாருக்கு என்று அவர் தம்பிக்கும் விதவை மனைவிக்கும் வழக்கு எழுந்தது. துய்ப்ளே துரை ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்க நேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊரின் கணக்கையெல்லாம் தீர்த்துவைத்த மனிதரின் வீட்டுக் கணக்கு, அவர் கண்மூடியவுடன் தெருவுக்கு வந்துவிட்டது. தொழில் நடத்துகிற நம் பங்கு அன்பர்களில் எத்தனை பேர் உயில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை இந்த இடத்தில் கேட்டுவைக்கிறோம். மனைவிமார்களும் கேட்கலாம்.

அவருக்குப்பின் அந்த இடத்துக்கு வந்தவர் ஆனந்தரங்க பிள்ளை. நைனியப்பரின் மைத்துனரான திருவேங்கடம் பிள்ளையின் மகன். 1709-ல் பெரம்பூரில் பிறந்தவர். துணி, அவுரி, பாக்கு வியாபாரம். ஆர்க்காட்டுப் பக்கத்திலும் கொடுக்கல் வாங்கல். ஆனந்தப்புரவி என்று சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். அவருக்கும் மதம் மாறினால் நல்லது என்ற சொல் குருக்களிடமிருந்து வந்தது, அவர் மாறவில்லை. துய்ப்ளே காலத்தில் உச்சியில் இருந்தவர், துரை பிரான்சுக்குத் திரும்பியபின் தளர்ந்தார். 1756-ல் பதவி போயிற்று. 1761 சனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன், காலமானார். ரங்கப்பிள்ளை வீதியில் அவர் கட்டிய வீடு இன்றும் இருக்கிறது.

கும்பினி போய், ஆலைகள் வந்த காலத்துக்கு இனி வருவோம். நம் பகுதித் தறிக்காரர் ஒரு காலத்தில் தறியைத் தாமே வைத்திருந்தார்கள். முன்பணம் வாங்கியதால் வியாபாரியிடம் கட்டுப்பட்டிருந்தாலும், தறியும் வீடும் நேரமும் அவர்களுடையவை. நீலச்சாயம் தோய்த்த புதுவைத் துணி ஆப்பிரிக்காவின் செனகால் வரை போய் விலையாயிற்று. 1820-களின் இறுதியில் இங்கே எந்திர ஆலை தோன்றியது. பிறகு சவானா, கெப்ளே, ரோடியர் என்று மக்கள் அழைத்த ஆலைகள் வளர்ந்தன. நம் குடும்பங்களில் பாதியின் சரித்திரம் இந்த ஆலைச் சங்கொலியோடு பிணைந்தது. கூலி வந்தது, உண்மை. ஆனால் வேலை நேரத்துக்கு வரம்பு இல்லை. சங்கம் அமைக்க உரிமை இல்லை. 1936 ஜூலை 30-ந் தேதி சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்து, பன்னிரண்டு பேர் உயிரிழந்தார்கள். அதன்பிறகே, 1937-ல், எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

பரிசுத்த பாப்பு பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ நிருபத்தை நாம் பெரும்பாலும் தொழிற்சங்க உரிமைக்காகவே நினைவுகூருகிறோம். அதில் மற்றொரு பகுதியும் உண்டு. தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி, அவன் சிக்கனமாக வாழ்ந்து சிறிது மிச்சம் பிடிக்கப் போதுமானதாக இருக்க வேண்டும். அந்த மிச்சம் அவனுக்கென்று ஒரு சிறு சொத்தாக வளர வேண்டும். கூடியவரை அதிகமான மக்கள் உடைமையாளராவதற்குச் சட்டம் துணை நிற்க வேண்டும் என்கிறார். கூலிக்காரனாகப் பிறந்தவன் கூலிக்காரனாகவே சாக வேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. அர்ச். சின்னப்பரே கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலால் பிழைத்தார் என்று அப்போஸ்தலர் பணி கூறுகிறது. பிலிப்பி நகரில் அவருக்கு வீட்டைத் திறந்துவிட்ட லீதியாள் இரத்தாம்பரத் துணி விற்றவள். ஐரோப்பாவில் அவர் பெற்ற முதல் விசுவாசிகளில் ஒருத்தி, நம் பெரிய கடைத்தெருவில் பார்ப்பது போன்ற ஒரு துணிக்கடைக்காரி!

இவ்வளவு இருந்தும் நம் சமூகம் கடையைவிட உத்தியோகத்தையே பெரிதாக மதித்தது. காரணமில்லாமல் இல்லை. பிரெஞ்சு படித்தவருக்குச் சைகோனில் உத்தியோகம் கிடைத்தது. பட்டாளத்தில் சேர்ந்தவருக்குப் பென்ஷன் கிடைத்தது. 1956 மே 28-ந் தேதி கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-ந் தேதி அமலுக்கு வந்த ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டவர் நம் பங்கிலும் உண்டு. ‘சொல்தா வீடு’ என்றால் மாதம் தவறாமல் பணம் வரும் வீடு. அந்தப் பணத்தால் பல பிள்ளைகள் படித்தார்கள், பல கோயில்கள் வெள்ளையடிக்கப்பட்டன. அதைக் குறைத்துப் பேசமாட்டோம். கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னது பட்ட அனுபவத்தில் சொன்னதுதான். ஆனால் பென்ஷன் வாங்கியவரோடு பென்ஷன் முடிகிறது. விதவைக்கு ஒரு பகுதி, அதன்பின் ஒன்றுமில்லை. பெரும் ஆலையும் நிலையானதல்ல. ரோடியர் என்று நாம் அழைத்த ஏ.எஃப்.டி. ஆலை, தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட ஆலை, 2020 ஏப்ரல் 30-ந் தேதியோடு மூடப்பட்டது.

அதே தெருக்களில் ரொட்டிக் கடை, தையற்கடை, அச்சுக்கூடம், தச்சுப் பட்டறை, மருந்துக் கடை என்று சிறிய அளவில் தொடங்கியவர்கள் தாங்கள் பிழைத்தது மட்டுமல்ல, இன்னும் நாலு பேருக்கு வேலை கொடுத்தார்கள். நோய் கண்ட நாளில் மேலதிகாரியிடம் லீவு கேட்டு நிற்கவில்லை. பெரிய வியாழனன்று கடையைச் சாத்திவிட்டுக் கோயிலுக்கு வர யாருடைய அனுமதியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மகனோ மகளோ பள்ளி விட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்து கற்றதை எந்தக் கல்லூரியும் கற்றுக்கொடுக்காது. நஷ்டமும் உண்டு. கந்துவட்டிக்கு வாங்கிக் கடை வைத்து, கடையும் போய் வீடும் போனவர்களை நாம் கண்டிருக்கிறோம். கடை நடத்துவதில் பாதி உழைப்பு வீட்டுப் பெண்களுடையது. ஆனால் பெயர்ப்பலகையில் அவர்கள் பெயர் வருவதில்லை, வங்கிக் கணக்கிலும் வருவதில்லை. இதை மாற்றுவதற்குச் சட்டம் தேவையில்லை, வீட்டுத் தலைவர் மனம் வைத்தால் போதும்.

நஷ்டப்பட்டவர்கள் பெரும்பாலும் வியாபாரம் இல்லாமல் நஷ்டப்பட்டதில்லை. கடைப்பணத்தையும் வீட்டுப்பணத்தையும் ஒரே பெட்டியில் போட்டு, எது முதல், எது லாபம் என்று தெரியாமல் போனதால் நஷ்டப்பட்டார்கள். கடன் கொடுத்ததை எழுதாமல் விட்டார்கள். எழுதினாலும் துண்டுக் காகிதத்தில் எழுதினார்கள். நம் பங்கில் தொழில் தொடங்க நினைக்கும் வாலிபருக்கு நாம் முதலில் வாங்கித் தர விரும்புவது ஒரு தடித்த கணக்கு நோட்டு.

ஆனந்தரங்க பிள்ளை அத்தகைய நோட்டு வைத்திருந்தவர். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, யார் எவ்வளவு தர வேண்டும், குவர்னர் யாரிடம் என்ன சொன்னார், எந்தக் கோயிலில் என்ன நடந்தது என்று வர்த்தகர் வழக்கத்துத் தமிழிலேயே கால் நூற்றாண்டு எழுதி வந்தார். அவர் மாமா நைனியப்பர், தமக்கு வாசிக்கத் தெரியாத காகிதத்தில் கையொப்பமிட வேண்டியிருந்தது என்பதைக் குடும்பத்தில் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஏடுகள் அவர் வீட்டில் பல காலம் கிடந்து, 1846-ல் கலுவா மொம்பிரேன் என்பவர் கண்ணில் பட்டன. ஒழுகரைக் கோயில் திறந்த நாளின் விருந்து விவரமும், சம்பா கோயில் சுவர் இடிந்த செய்தியும் அந்த வர்த்தகரின் குறிப்பேட்டிலிருந்தே நமக்குக் கிடைக்கின்றன.